மூன்று அங்குலம் மேலே

வெர்னா டாலெஃப்சன் இருபத்தாறு வருஷமாக ஒரு வருஷம்கூட விடாமல் மலையாட்டு வேட்டை அனுமதிக் குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவள். ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோடை விடுமுறைக்காகப் பள்ளிப் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கைபேசியில் தகவல் வந்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். பிறகு தம்பி ஆர்டனைக் கூப்பிட்டாள்.

"டேய், விழுந்திருச்சுடா!"

"எது விழுந்துச்சு? எங்க? அடிகிடி பட்டுச்சா?"

"கடாடா, கழுதை! மலைக்கடா! என் பேரு விழுந்திருக்கு!"

ஆர்டன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுக் கத்திய கத்தலில் பட்டறை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது. மொன்டானாவின் அந்தப் பகுதியில் மலைக்கடா வேட்டைக்குச் சீட்டுக் கிடைப்பது ஆயுளில் ஒரு தடவை நடந்தாலே பெரிது. பெரும்பாலோர் விண்ணப்பம் போட்டுப் போட்டே கிழவர்களாகிச் செத்துப்போவார்கள்.

ஆர்டன் வைக்கோல் கட்டும் இயந்திரங்களும் டிராக்டரும் பழுதுபார்ப்பவன். ஆனால் ஊரில் அவனுக்கு இருந்த பேர் அதனால் வந்ததல்ல. செப்டம்பர் பிறந்துவிட்டால் ஆளுக்கொரு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வருவார்கள். மணல்மூட்டையில் துப்பாக்கியைக் கிடத்தி, இரண்டு மூன்று தோட்டா சுட்டு, மேலே மாட்டியிருக்கும் குறிபார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பின் திருகை இப்படி அப்படித் திருப்பி, குறியைச் சரிபண்ணிக் கொடுத்துவிடுவான். "ஆர்டன் கை பட்ட துப்பாக்கி தானாவே சுடும்" என்று சொல்வார்கள். அதைக் கேட்டும் கேட்காததுபோல் நடிப்பதில் அவனுக்கு ஒரு சுகம் உண்டு.

வெர்னாவுக்கு அந்த வருஷம் ஏப்ரலில் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அக்டோபருக்குள் ஆறிவிடும், மலை ஏறலாம், ஆனால் துப்பாக்கியின் உதைப்பு எவ்வளவுக்கெவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போதாக்குறைக்குப் பழைய ஸ்கோப்புக்குள் பனி படிந்து மங்கிப்போயிருந்தது. புதியது வாங்கி மாட்ட வேண்டும், மாட்டினால் குறி திருத்த வேண்டும். செப்டம்பர் நடுவில் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஆர்டனின் பட்டறை மேசையில் வைத்தாள்.

"தோள் தாங்கறதை மலைக்கே மிச்சம் வெச்சுக்கறேன். நீயே சுட்டுச் சரிபண்ணிக் குடு. நூறு கஜத்துல நட்டநடு. புரிஞ்சுதா?"

"அக்கா, நூறு கஜத்துல மூணு அங்குலம் மேல வெச்சேன்னு வெய்யி, முந்நூறு கஜம் வரைக்கும் நீ கணக்கே போட வேண்டாம். குண்டு மேல ஏறி, பொறுமையா இறங்கி…"

"முந்நூறு கஜத்துல நான் எதைடா சுட்டிருக்கேன்? நாப்பது வருஷத்துல இருநூறு தாண்டினதில்லை. கிட்டப் போக முடிஞ்சா சுடுவேன், முடியலன்னா திரும்பி வந்துருவேன். நீ சொல்றது பொட்டல்ல மான் சுடறவனுக்கு. கிட்டத்துல நிக்கறதை அப்படிச் சுட்டா முதுகுக்கு மேல போயிரும்."

"சரிக்கா."

"சரின்னுட்டு உன் இஷ்டத்துக்கு வைக்காத."

"அதான் சரிங்கறேன்ல!"

அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பது ஆர்டனுக்குத் தெரியும். கிட்டத்தில் சுடுகிறவர்கள் எட்டத்துக்கு வைத்த குறியோடு போய், நூற்றைம்பது கஜத்தில் விலங்கின் முதுகுக்கு மேலே ஆகாயத்தைச் சுட்டுவிட்டுத் திரும்புவதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். ஆனாலும் ஊருக்கு வெளியே இருந்த சுடுதளத்தில், அந்தச் சனிக்கிழமை, நட்டநடுவில் வைத்து முடித்த பிறகு அவனுக்கு வேறு யோசனை ஓடியது. இருபத்தாறு வருஷம் காத்திருந்து கிடைத்த சீட்டு. கடா ஒரு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், இருநூற்று எண்பது கஜத்தில், கிட்டப் போக வழியில்லாத பாறையில் நின்றால்? அக்கா சுடாமல் திரும்பிவிடுவாள். அந்த நேரம் பக்கத்தில் படுத்திருந்து, "யோசிக்காம அப்படியே சுடுக்கா, அதுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்று தான் சொல்லப்போவதை அவன் மனசுக்குள் ஒரு தடவை சொல்லியும் பார்த்துவிட்டான். திருகைப் பன்னிரண்டு சொடுக்கு மேலே ஏற்றினான். ஒரு சொடுக்குக்குக் கால் அங்குலம். அடுத்து சுட்ட மூன்றும் நடுப்புள்ளிக்கு மூன்று அங்குலம் மேலே, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன.

பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரன் ஓட்டோ தொலைநோக்கியில் பார்த்துவிட்டுக் கேட்டான். "ஏம்பா, அக்கா நடுவுல கேட்டாங்கன்னியே?"

"அவங்களுக்கு எது நல்லதுன்னு அவங்களுக்கே தெரியாது."

"அதை அவங்க முன்னாடி சொல்லேன், பாக்கலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மறுநாள் துப்பாக்கியைக் கொடுத்தபோது "எப்படி இருக்கு?" என்று வெர்னா கேட்டாள். "சரியா இருக்கு" என்றான் ஆர்டன். அவன் சுட்டுப் பார்த்த இலக்குக் காகிதத்தை அவள் காட்டச் சொல்லவில்லை. தம்பியிடம் அதையெல்லாம் கேட்பவளில்லை.

அக்டோபர் பிற்பாதியில் இரண்டு பேரும் மலையேறினார்கள். ஐந்தாவது நாள், மதியம் சாய்ந்த நேரத்தில், அவர்கள் அந்தக் கடாவைப் பார்த்தார்கள். எட்டத்திலெல்லாம் இல்லை. அவர்கள் தவழ்ந்து போய் எட்டிப்பார்த்த பாறை விளிம்புக்குக் கீழே, செங்குத்தான சரிவில் ஒரு திட்டில், புல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றது. கொம்பு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நுனி தேய்ந்து மழுங்கியிருந்தது. ஆர்டன் தூரத்தை அளந்து "நூத்தம்பது" என்று கிசுகிசுத்தான். வெர்னா முதுகுப்பையை முன்னால் போட்டு, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்திப் படுத்தாள்.

பைனாகுலரைப் பிடித்துக்கொண்டிருந்த ஆர்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்றைம்பது கஜம். குண்டு தன் பாதையிலேயே மிக உயரத்தில் பறக்கும் இடம் ஏறக்குறைய அதுதான். அதிலும் கீழ்நோக்கிச் சுடுகிறாள். கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு எப்போதுமே கொஞ்சம் மேலேதான் போகும். 'அக்கா, இறக்கிப் பிடி, வயித்தோரமா' என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அவள் மூச்சு சீராகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் எல்லாம் கெட்டுவிடும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நாலு அங்குலம்தானே, இவ்வளவு பெரிய உடம்பு, எங்கேயாவது பட்டு விழுந்துவிடும் என்றும் சொல்லிக்கொண்டான்.

சுட்டாள்.

கடாவின் முதுகுக்கோட்டில் ஒரு கொத்து மயிர் பறந்ததையும், பின்னாலிருந்த பாறையில் தூசி கிளம்பியதையும் ஆர்டன் பார்த்தான். கடா நான்கு காலும் ஒரேயடியாக மடங்கி அப்படியே உட்கார்ந்தது.

"விழுந்துருச்சுடா!" வெர்னாவின் குரல் உடைந்தது.

"இன்னொன்னு போடு! போடுக்கா, சீக்கிரம்!"

"ஏன்டா? விழுந்துதான்…"

முதுகெலும்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முள்ளில் குண்டு உரசிப்போனால் விலங்கு இடி விழுந்ததுபோல் விழும். அதிர்ச்சி நீங்கியதும் எழுந்துவிடும். அவன் சொல்லி முடிப்பதற்குள் கடா எழுந்தது. ஆடி ஆடி நாலு எட்டு வைத்தது. வெர்னா அவசரமாகச் சுட்ட இரண்டாவது தோட்டா அதன் முதுகுக்கு மேலே பாறையில் பட்டுச் சில்லு தெறித்தது. கடா திட்டின் மூலையைத் திரும்பி மறைந்துபோனது.

மூன்று நாள் தேடினார்கள். முதல் நாள் சிவப்பாக ஒரு கையகல இரத்தம், பிறகு பத்தடிக்கு ஒரு சொட்டு, பிறகு ஒன்றுமில்லை. சாப்பிடக்கூட உட்காராமல் வெர்னா ஒவ்வொரு வெடிப்பாக இறங்கி இறங்கிப் பார்த்தாள். கூடாரத்துக்குத் திரும்பும்போதெல்லாம் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூன்றாம் நாள் பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். இரண்டு பேரும் ஒரு பாறையின் மறைவில் ஒதுங்கியிருந்தார்கள்.

"நீதான் பைனாகுலர்ல பாத்தியே. எங்க பட்டுச்சு?"

"மேல. முதுகுக்கோட்டுல."

"எப்படிடா? நட்டநடுவுலதான் வெச்சேன். குறுக்குக்கோடு அசையவே இல்லை. எனக்குத் தெரியும்."

இதோ, இப்போது சொல்லிவிடலாம் என்று ஆர்டனுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தான். வெளியே வந்தது வேறு.

"தோள் வலி இருக்குல்ல. உதைக்கப்போகுதேன்னு உடம்பு தானா இழுத்துக்கும். விசையைக் கொஞ்சம் வெடுக்குன்னு இழுத்திருப்பே. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

வெர்னா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள். "இருக்கும்" என்றாள்.

வேட்டைக்காலம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. சட்டப்படி அவள் திரும்பப் போய் வேறு கடாவைத் தேடலாம். அவளோ பையிலிருந்து அனுமதிச் சீட்டை எடுத்து, பேனாக்கத்தியால் அதில் அன்றைய தேதியை வெட்டிவிட்டாள். விலங்கு விழுந்ததற்கு அடையாளமாகச் செய்வது அது; வெட்டிய சீட்டு மறுபடி செல்லாது.

"அக்கா! என்ன பண்றே? யாரும் உன்னைக் கேக்கப்போறதில்லை!"

"நான் ஒரு கடாவைச் சுட்டாச்சு. கெடைக்கலங்கறது என் தப்பு, அதோட தப்பில்லை." ஊருக்குத் திரும்பும் வழியிலேயே வனத்துறை வார்டன் க்வின்னைப் போய்ப் பார்த்து, எங்கே, எப்போது, எப்படி என்று எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்தாள். ஆர்டன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

அந்தக் குளிர்காலம் ஆர்டனுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா நவம்பரில் மானுக்குப் போகவில்லை. ஏனென்று கேட்டவர்களிடம் கையை விரித்துக் காட்டி, "இது போச்சுப்பா, இனிமே உசுரோட வெளையாடக் கூடாது" என்றாள். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி நாள் விருந்தில் சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து அவளைத் தேற்றினார்கள். ஆளாளுக்குத் தாங்கள் தவறவிட்ட கதைகளைச் சொன்னார்கள். ஒருவர், "ஆர்டன் குறி வெச்ச துப்பாக்கியிலேயே தவறுதுன்னா அது நம்ம நேரம்தான், வெர்னா" என்றார். ஆர்டன் தட்டில் இருந்த பூசணி இனிப்பை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான். பட்டறையில் வேலை செய்யும்போது, பல் துலக்கும்போது, எந்நேரமும் அவனுக்குள் ஒரே வாக்கியம் தயாராகிக்கொண்டிருந்தது. 'அக்கா, நான் மேல வெச்சிருந்தேன்.' நாலே வார்த்தை. அவள் எதிரில் வந்து நின்றதும் வேறு எதையாவது பேசிவிடுவான். நாள் போகப் போக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

மார்ச் மாதம் அவள் துப்பாக்கியை உறையோடு கொண்டுவந்து பட்டறை மேசையில் வைத்தாள்.

"நீயே வெச்சுக்கோ. வீட்டுல இருந்தா பாத்துக்கிட்டே இருக்கேன்."

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா…"

"வேண்டாம்டா. பஸ்ல திருப்பம் வரும்போதெல்லாம் கையைப் பாக்கறேன். நாப்பது பிள்ளைங்க பின்னாடி உக்காந்திருக்கு. இந்தக் கை எப்ப என்ன பண்ணுமோன்னு பயமா இருக்கு."

அவள் போனபிறகு ஆர்டன் ரொம்ப நேரம் அந்த உறையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். பிறகு அவனுக்கு ஒரு வழி தோன்றியது. சொல்லவும் வேண்டாம், அவளும் தேறிவிடுவாள் என்கிற மாதிரி ஒரு வழி. அன்றைக்கே சுடுதளத்துக்குப் போனான். யாரும் இல்லை. ஒரு தோட்டா சுட்டுப் பார்த்தான். அவன் வைத்த இடத்திலேயே, மூன்று அங்குலம் மேலே. திருகைப் பன்னிரண்டு சொடுக்கு கீழே இறக்கினான். அடுத்தது நடுப்புள்ளியைத் துளைத்தது.

ஏப்ரலில் பனி உருகியதும் அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சுடுதளத்துக்கு வரவழைத்தான். "மூணே மூணு தோட்டா. எனக்காக. அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்."

வெர்னா மேசையில் உட்கார்ந்தாள். முதல் தோட்டாவுக்கு முன் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். மூன்றையும் சுட்டு முடித்ததும் ஆர்டன் நூறு கஜமும் ஓடிப்போய்க் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தான். மூன்று ஓட்டைகளும் நடுப்புள்ளிக்குள், ஒரு காசால் மூடிவிடலாம்போல்.

"பாத்தியா? கைக்கு என்ன கேடு? ஒண்ணுமே இல்லைக்கா! நீ சும்மா மனசைப் போட்டு…"

வெர்னா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்திருந்தான். அது இன்னும் இறுகிப்போனது.

"அப்ப துப்பாக்கி சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

ஆர்டன் கீழே கிடந்த காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லவாடா? உள்ளுக்குள்ள எனக்கு ஒரு நப்பாசை இருந்துச்சு. மலை ஏறும்போது ஸ்கோப் எங்கயாவது இடிபட்டுக் குறி மாறியிருக்கும்னு. கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. நீ அவ்வளவு பாத்துப் பாத்து வெச்சுக் குடுத்தே, உன் வேலையைச் சந்தேகப்படறோமேன்னு. அதான் கேக்கல." காகிதத்தை மடித்தாள். "இப்பத் தெரிஞ்சுபோச்சு. துப்பாக்கியும் சரி, தோளும் சரி. காகிதத்தை ஒழுங்காச் சுடறேன். உசுரு முன்னாடி நின்னப்பதான் எனக்குள்ள என்னவோ கோணிப்போச்சு. அந்தக் கடா எங்க கெடந்து எத்தனை நாள் இழுத்துச்சோ."

அவள் அழுவதை ஆர்டன் அம்மாவின் அடக்கத்தின்போது பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறான். நல்லவன்போல நின்றுகொண்டு தான் செய்த இந்த வேலை, முதலில் செய்ததைவிடக் கேவலமானது என்று அவனுக்கு அப்போது தெரிந்தது. அவளிடம் மிச்சமிருந்த ஒரே ஒரு சமாதானத்தையும் பன்னிரண்டு சொடுக்கில் பிடுங்கிவிட்டான்.

"நான் மேல வெச்சிருந்தேன்க்கா."

"என்ன?"

"மூணு அங்குலம். நீ நடுவுல வைக்கச் சொன்னே. வெச்சேன். அப்புறம் எட்டத்துல நின்னா என்ன பண்றதுன்னு நானா ஏத்திட்டேன். உன்கிட்டச் சொல்லல. போன மாசம் இங்க வந்து நாந்தான் இறக்கி வெச்சேன். இன்னிக்கு நீ சுட்டது, நான் திருத்தின துப்பாக்கியில. மலையில உன் கையில இருந்தப்ப இது இப்படி இல்லை."

வெர்னா கண்ணைத் துடைக்கவில்லை. துப்பாக்கியை அவன் பக்கம் தள்ளினாள்.

"ஏத்து."

"அக்கா…"

"எத்தனை சொடுக்கோ, அத்தனை ஏத்து."

அவன் எண்ணிக்கொண்டே திருகினான். அவள் மூன்று தோட்டா போட்டுச் சுட்டாள். இந்தத் தடவை அவளே எழுந்து நடந்தாள். அவன் பின்னால் போனான். மூன்று ஓட்டைகள், ஒரு காசளவு இடத்தில், நடுப்புள்ளிக்கு மேலே. வெர்னா கட்டைவிரலைப் புள்ளியில் வைத்து, நடுவிரலை ஓட்டைவரை நீட்டி அளந்து பார்த்தாள். கையை எடுக்காமலே கேட்டாள்.

"பாறைக்குப் பின்னாடி ஒதுங்கி நின்னோமே, அன்னிக்கு உன்கிட்டக் கேட்டேன். தோள்ன்னு சொன்னே. அப்பத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

அதை மறைத்துவிடலாம். சுட்ட பிறகுதான் உறைத்தது என்று சொன்னால் அவள் நம்புவாள். "நீ சுடறதுக்கு முன்னாடியே" என்றான் ஆர்டன். "தூரத்தை அளந்தப்பவே தெரிஞ்சுபோச்சு. சொன்னா மாட்டிக்குவேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

"ஆறு மாசம்டா" என்றாள் வெர்னா. "காலையில பிள்ளைங்க பஸ்ல ஏறும்போதெல்லாம் இந்தக் கையைப் பாத்துப் பயந்தேன். ஆறு மாசம்."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருக்கலாம். அவள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தன் வண்டியேறிப் போய்விட்டாள்.

மே, ஜூன் இரண்டு மாதமும் அவள் அவனோடு பேசவில்லை. கடைவீதியில் எதிர்ப்பட்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். ஆர்டன் இரண்டு தடவை அவள் வீட்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான். சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று குளிர்காலம் முழுக்க நம்பியிருந்தான். இறங்கவில்லை. முன்பு அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. இப்போது அவளுக்கும் தெரியும்.

ஜூலை நடுவில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'புதன் காலை ஆறு மணி. மலையடிவாரம். க்வின் வருகிறார். தண்ணீர் எடுத்து வா.'

மலையேறப் போன யாரோ ஒரு கடாவின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லியிருந்தார்கள். இடத்தைக் கேட்டதும் வார்டன் க்வின்னுக்கு வெர்னா எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வந்திருக்கிறது. மூன்று பேரும் அதிகம் பேசாமல் ஏறினார்கள். சுட்ட திட்டிலிருந்து முக்கால் மைல் கீழே, ஜூனிப்பர் புதருக்குள் கிடந்தது. மூன்று நாள் தேடியபோது அந்தப் புதரை அவர்கள் இருநூறு அடி தள்ளிக் கடந்து போயிருக்கிறார்கள்.

க்வின் மண்டியிட்டு முதுகெலும்புக் கணுக்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். ஒன்றைக் கையிலெடுத்தார். அதன் மேலே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய முள் பாதியில் முறிந்திருந்தது.

"இங்கதான் பட்டிருக்கு. நாலு அங்குலம் கீழ பட்டிருந்தா நின்ன இடத்துலயே முடிஞ்சிருக்கும்."

"உடனே செத்திருக்குமா?" வெர்னா கேட்டாள்.

க்வின் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பொய் சொல்லட்டுமா, நெசத்தைச் சொல்லட்டுமா?"

"நெசத்தை."

"முறிஞ்ச எடத்துல புது எலும்பு மொளைச்சிருக்கு, பாருங்க. உடம்பு ஒட்டவைக்கப் பாத்திருக்கு. நாலஞ்சு வாரமாவது உசுரோட இருந்திருக்கும். கழுத்தெலும்புல பல் பட்ட தடம் இருக்கு, மலைச்சிங்கம் புடிச்சிருக்கு. நல்லா இருந்திருந்தா பாறையில ஏறித் தப்பிச்சிருக்கும்."

ஆர்டன் புதரைவிட்டு நகர்ந்துபோய் நின்றான். நாலைந்து வாரம். தான் நன்றி நாள் விருந்துக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுகூட அது இந்தச் சரிவில் எங்கேயோ நொண்டிக்கொண்டு புல் கடித்திருக்கலாம்.

க்வின் ஒரு படிவத்தை எடுத்தார். "சுட்டது நீங்க, வெர்னா. வேற ஏதாவது எழுதணுமா?"

"எழுதுங்க" என்றான் ஆர்டன். "குறியை மேல வெச்சது நான். அவங்க சொன்னதுக்கு மாறா, அவங்களுக்குத் தெரியாம. தெரிஞ்சும் கடைசி நேரத்துல சொல்லல."

க்வின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை எழுதறதுக்கெல்லாம் எங்க படிவத்துல கட்டம் கிடையாதுங்க."

"ஓரத்துல எழுதுங்க" என்றாள் வெர்னா. "அதோட இன்னொண்ணும் எழுதுங்க. துப்பாக்கியைக் கையில வாங்கினவ ஒரே ஒரு தோட்டாகூட சுட்டுப் பாக்கல. தோள் ஒரு அடி தாங்கியிருக்கும். தம்பி சொன்னான்னு அப்படியே எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

"அக்கா, அது உன் தப்பில்லை…"

"என் தப்பு எதுன்னு நீ சொல்லாத. அதையும் நீயே வெச்சுக் குடுக்கப் போறியா?"

அந்தப் பேச்சு அவனுக்குச் சுருக்கென்றது. மொத்தத்தையும் தானே சுமந்துவிடலாம் என்று வந்தவன். அதில் ஒரு பங்கை அவள் எடுத்துக்கொண்டதைப் பார்த்ததும் கனம் கூடியதே தவிர குறையவில்லை.

தலையை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார் க்வின். ஆர்டன் தானே தூக்கிக்கொள்வதாகச் சொல்லி, கொம்போடு பையில் கட்டிக்கொண்டு இறங்கினான். ஆறு மைல். கொம்பு முதுகெலும்பில் இடித்துக்கொண்டே வந்தது. வெர்னா முன்னால் போனாள், ஒரு தடவைகூட உதவட்டுமா என்று கேட்கவில்லை. அடிவாரத்தில் தலையை க்வின்னின் வண்டியில் ஏற்றிவிட்டு, அவர் போனபிறகு, ஆர்டன் அக்காவின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, என்னை நீ…"

"கேக்காத. கேட்டா நான் பதில் சொல்லணும். எனக்கு இன்னும் தெரியலை." தண்ணீர்ப் புட்டியை அவனிடம் நீட்டினாள். "குடி. உதடெல்லாம் வெடிச்சிருக்கு."

செப்டம்பரில் வழக்கம்போல் ஆட்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். ஆர்டன் குறி திருத்திக் கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டான். வந்தவர்களைச் சுடுதளத்துக்குக் கூட்டிப்போய், அவர்களையே மேசையில் உட்காரவைத்தான். "நீ வழக்கமா எத்தனை கஜத்துல சுடுவே?" என்று கேட்பான். சிலர் நூறு என்பார்கள், சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு அதைவிடக் குறைத்தும் சொல்வார்கள். "அப்ப அதுக்குத் தகுந்த மாதிரி நீயே வெய்யி. சுட்டுப் பாக்காம கொண்டுபோகாத." ஏன் இப்படி மாறிவிட்டான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஏன் என்று சொன்னான், அக்காவின் பேரையும் தன் பேரையும் மறைக்காமல். முதல் தடவை சொன்னபோது பக்கத்து மேசையில் இருந்த ஓட்டோ தலையைக் குனிந்துகொண்டான். இரண்டொருவர் பிறகு அவனிடம் வரவில்லை. 'ஆர்டன் கை பட்ட துப்பாக்கி' என்று அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை.

வெர்னாவும் ஒரு நாள் வந்தாள். கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து, தன் துப்பாக்கியைத் தானே திருத்திக்கொண்டாள். ஆர்டன் பக்கத்தில் போகவில்லை. அவள் எத்தனை தோட்டா சுட்டாள் என்று மட்டும் அவன் காது எண்ணிக்கொண்டிருந்தது. பதினொன்று.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி இருக்கும். கைபேசி அடித்தது.

"டேய். ஆத்தோரம், பழைய வேலிக்குப் பக்கத்துல. ஒரு பெட்டைமான். தனியா இழுக்க முடியலை, தோள் வலிக்குது. வரியா?"

அவன் போனபோது அவள் மானின் பக்கத்தில் முழங்காலிட்டுச் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மான் நின்ற இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் இடையே பத்தடிகூட இல்லை. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல், சிறியதாக ஒரே ஓர் ஓட்டை. ஆர்டன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். சந்தோஷம்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்துக்குத் தனக்கு என்ன உரிமை என்று கூடவே தோன்றியது.

"எத்தனை கஜம்?" என்று கேட்டான்.

"தொண்ணூறு. நின்னு பாத்துக்கிட்டே இருக்காத. பின்னங்காலைப் பிடி."

குனிந்து பிடித்தான். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு வண்டிவரை இழுத்தார்கள். வழியில் ஓர் இடத்தில் அவள் நின்று, தோளைத் தேய்த்துக்கொண்டு, ஈரல் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றான்.